டர்போ போட்ட பழைய ஜீப்புக்கு டீசல் லைன் அமைப்பது: டேங்கிலிருந்து தொடங்குங்கள்

"டர்போ மாட்டியாச்சு, பம்பிலும் டீசல் ஏத்தியாச்சு, ஆனா மேடு வந்தா வண்டி இழுக்கவே மாட்டேங்குதுண்ணா." காட்பாடிப் பக்கம் இருக்கிற என் பட்டறைக்கு இப்படி ஒரு போன் மாதத்துக்கு ஒன்றாவது வந்துவிடும். என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளுகிற அந்த டர்போவைப் பற்றி நான் எதுவும் கேட்க மாட்டேன். டேங்க் பழையதா புதியதா, உள்ளே இறங்குகிற பைப் எத்தனை மில்லிமீட்டர், ரிட்டர்ன் (பம்பில் மிச்சமாகித் திரும்பி வரும் டீசல்) எங்கே போய் விழுகிறது என்றுதான் கேட்பேன். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. டர்போவுக்குச் செலவு செய்தவர்கள், ஐம்பது ரூபாய் ட்யூப்பில் போய் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

முதன்முதலாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சொல்கிற எல்லாமே மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய நான்கு சிலிண்டர் டீசல் என்ஜினுக்குத்தான். காமன் ரெயில் என்கிற புது மாதிரி டீசல் வண்டியில் ஆயிரம் பாருக்கு மேல் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தம் இருக்கும், எல்லாம் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு, இந்த வழிமுறை அதற்கு ஒத்துவராது.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு விஷயம். சாலையில் ஓடும் வண்டி என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கும் கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எதற்கு அனுமதி கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிலத்துக்குள் மட்டும் ஓடுகிற வண்டி, தண்ணீர் இறைக்கவும் மல்லாட்டை (நிலக்கடலை) உடைக்கவும் இரும்பு ஃபிரேமில் ஏற்றி வைத்த என்ஜின், இவற்றுக்கும் இதே டீசல் லைன்தான், அங்கே இந்தப் பிரச்சினை இல்லை.

எவ்வளவு டீசல் வேண்டும்

இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை, போட்டால் பல குழப்பம் தீரும். நல்ல நிலையில் இருக்கும் பழைய டைரக்ட் இன்ஜெக்ஷன் என்ஜின் ஒரு கிலோவாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கக் கிட்டத்தட்ட 240 கிராம் டீசல் குடிக்கும். 60 குதிரைத் திறன் என்பது 45 கிலோவாட், அப்படியானால் முழு பாரத்தில் மணிக்கு 10.8 கிலோ. ஒரு லிட்டர் டீசல் 830 கிராம் என்று வைத்தால் 13 லிட்டர். அதே என்ஜினை டர்போ போட்டு 85 குதிரைத் திறனுக்குக் கொண்டுபோனால் 18 லிட்டர் சொச்சம், அதாவது நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர்.

300 மில்லிதானே, எந்த ட்யூப்பிலும் வந்துவிடுமே என்று தோன்றும். ஆனால் எரிகிற அளவு மட்டும் பம்புக்கு வந்தால் போதாது. மிச்சம் சுற்றி வந்து ரிட்டர்னில் திரும்ப வேண்டும். அந்தச் சுற்றுதான் பம்பைக் குளிர வைக்கிறது, உள்ளே புகுந்த சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகளையும் அதுதான் வெளியே தள்ளுகிறது. தேவைக்கு மூன்று மடங்கு ஓட்டம் இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர், ஒரு தண்ணீர் பாட்டில் அளவு.

டேங்க்

பழைய டேங்கைக் கழற்றி, டீசலை முழுக்க வடித்து, இரண்டு லிட்டர் நல்ல டீசலோடு கைப்பிடி நட்டுகளைப் போட்டு மூடி நன்றாகக் குலுக்குங்கள். பிறகு வெள்ளைத் துணி விரித்த தட்டில் ஊற்றிப் பாருங்கள். துரு வரும், மணல் வரும், சில டேங்கில் வெல்லப்பாகு மாதிரி கருப்பாக வழவழவென்று ஒன்று வரும். அடியில் தேங்கிய தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து உண்டான கசடு அது. துணி சுத்தமாக வரும்வரை, நாலு தடவையானாலும் ஐந்து தடவையானாலும், திரும்பத் திரும்பச் செய்யுங்கள். உள்ளே போட்ட நட்டை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள்.

டேங்கில் ஓட்டை இருந்தால் நேராக வெல்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தயவுசெய்து இதைக் கேளுங்கள். டீசல் பெட்ரோல் மாதிரி பற்றாது என்ற எண்ணத்தில்தான் ஆட்கள் உயிரை விடுகிறார்கள். நம் நாட்டு டீசலுக்கான ஐ.எஸ். 1460 தரநிலையில் தீப்பற்று வெப்பநிலை குறைந்தபட்சம் 35 டிகிரி இருந்தால் போதும். சித்திரை வைகாசியில் வேலூரில் நிழலிலேயே 40 டிகிரி தாண்டுகிறது, வெயிலில் கிடக்கும் இரும்பு டேங்க் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள். காலி டேங்க் என்பது ஆவி நிறைந்த டேங்க், நிறைந்த டேங்கை விட அதுதான் ஆபத்து. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன் என்பதும் நம்பத்தக்கது இல்லை. ஓட்டை விழுந்த டேங்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்துகொள்வதே சரி.

புதிதாகச் செய்தால் இரும்புத் தகட்டிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ செய்யச் சொல்லுங்கள். ஜி.ஐ. தகடு வேண்டாம், செம்புப் பைப்பும் வேண்டாம். துத்தநாகமும் செம்பும் டீசலோடு சேர்ந்தால் டீசல் சீக்கிரம் கெட்டுப் பிசின் கட்டும், பில்டர் அடைக்கும். உள்ளே குறுக்குத் தடுப்பு இரண்டாவது வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வளைவில் டீசல் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உறிஞ்சும் பைப் வெளியே தெரிந்துவிடும். அடியில் தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் போல்ட். மேலே காற்று வரும் வழி, அதாவது பிரீதர், கட்டாயம் வேண்டும். பிரீதர் அடைத்தால் ஒரு மணி நேரம் ஓடி வண்டி நின்றுவிடும், மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று உள்ளே போகும், திரும்ப ஓடும். இந்த ஒரு அறிகுறியைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி நாள் மிச்சம்.

உறிஞ்சும் பைப்

இதில்தான் என் மனதில் பதிந்த பாடம் இருக்கிறது, கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நாங்களே டீசல் லைன் போட்ட ஒரு ஜீப்பை எடுத்துக்கொண்டு வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜமுனாமரத்தூருக்குப் புறப்பட்டோம். காட்பாடியில் டேங்கை நிரப்பியிருந்தோம். ஆலங்காயம் வரை ஒரு குறையும் இல்லை. மலை ஏற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் என்ஜின் இரண்டு மூன்று தடவை வெட்டியது, காவலூர் தாண்டியதும் நின்றே போனது. அங்கே வானத்தைப் பார்க்கிற ஆய்வுக்கூடம் இருக்கிறது, பெரிய தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிற இடம் என்றால் எவ்வளவு இருட்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள். செல்போன் வெளிச்சத்தில் ஹேண்ட் பம்ப் அடித்து ஏர் எடுத்தோம் (லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றினோம்), ஸ்டார்ட் ஆனது, அரை கிலோமீட்டர், மறுபடி நின்றது. டேங்கில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக டீசல் இருந்தது. வேறு வழி தெரியாமல் கேனில் இருந்த பத்து லிட்டரையும் டேங்கிலேயே ஊற்றினோம். அதன் பிறகு ஜமுனாமரத்தூர் வரை ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. டேங்கில் டீசல் இருந்தும் நின்றது, இன்னும் ஊற்றியதும் ஓடியது என்றால், காற்று புகும் ஓட்டை டேங்குக்குள்ளேயே, பாதி உயரத்தில் இருக்கிறது. டீசல் அதற்கு மேலே நின்றால் ஓட்டை வழியாகவும் டீசல்தான் வரும், யாருக்கும் தெரியாது. மட்டம் கீழே இறங்கினால் காற்று வரும். மறுநாள் காலையில் உறிஞ்சும் பைப்பைக் கழற்றி, கீழ் முனையைக் கட்டைவிரலால் அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி, மேல் முனையில் வாயால் ஊதினேன். பித்தளைப் பற்று வைத்த இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலிலிருந்து, கடுகு அளவு குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. அவ்வளவுதான் விஷயம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி அடிக்கடி சொல்வார்: "டீசல் ஒழுகுனா கண்ணுக்குத் தெரியும், காத்து பூந்துக்கினா தெரியாதுபா." உறிஞ்சுகிற பக்கத்தில் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் வெளியே ஈரம் இல்லை என்பதை வைத்து ஜாயிண்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

ஆகையால் உறிஞ்சும் பைப்பை டேங்கில் மாட்டும் முன்பே இந்த வாளித் தண்ணீர் சோதனையைச் செய்துவிடுங்கள். ஒட்டு இல்லாத ஒரே பைப்பாக இருந்தால் இன்னும் நல்லது. உள் விட்டம் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, டேங்க் வண்டியின் பின்னால் இருந்தால் 10 மில்லிமீட்டர் போடுங்கள். கீழ் முனை டேங்கின் அடியிலிருந்து 20, 25 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கட்டும், முனையைச் சாய்வாக வெட்டுங்கள். ஒட்ட வைத்தால் அடியில் கிடக்கும் தண்ணீரையும் சேற்றையும்தான் முதலில் குடிக்கும்.

ரிட்டர்ன் பைப் உறிஞ்சும் பைப்புக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம், தடுப்புக்கு அந்தப் பக்கம் விழ வேண்டும். பக்கத்திலேயே விழுந்தால் சூடான, நுரைத்த டீசலை மறுபடி உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ரிட்டர்னும் 8 மில்லிமீட்டர் இருக்கட்டும், வழியில் எங்கும் நசுங்கக் கூடாது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களிலிருந்து கசிந்து வரும் மெல்லிய லீக்-ஆஃப் பைப்பையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதில் அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ட்யூப், கிளிப்

டீசலுக்கென்று விற்கும், உள்ளே நூல் பின்னிய ரப்பர் ஹோஸ் வாங்குங்கள். தண்ணீர் ட்யூப்பும் கேஸ் அடுப்பு ட்யூப்பும் சில மாதங்களில் உள்பக்கம் உப்பி வழியை அடைக்கும், வெளியே பார்த்தால் புதிது மாதிரியே இருக்கும். பல வருடமாக வண்டியில் கிடந்த பழைய ட்யூப்பையும் காப்பாற்றி வைக்காதீர்கள், எல்லாவற்றையும் மாற்றுங்கள். நீளமான தூரத்துக்கு ஸ்டீல் பைப், ஆடுகிற இடத்துக்கு மட்டும் ரப்பர் என்று வைத்தால் காற்று புகும் இடங்கள் குறையும்.

டர்போவுக்கும் சைலன்சர் பைப்புக்கும் பக்கத்தில் டீசல் லைனைக் கொண்டுபோகவே கூடாது. டீசல் 200 சொச்சம் டிகிரியில் நெருப்பே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும், ஏற்றத்தில் டர்போவின் உடம்பு அதை விட எவ்வளவோ சூடாக இருக்கும். பைப்பை என்ஜினின் மறுபக்கம் கொண்டுபோங்கள், முடியாவிட்டால் நடுவில் தகடு வைத்து மறையுங்கள். வண்டியில் ஒரு பவுடர் தீயணைப்பான் வைத்துக்கொள்ளுங்கள், டீசல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். பிளம்பிங் வேலைப் பழக்கத்தில் பலரும் சுற்றுகிறார்கள். அதிலிருந்து பிய்ந்த ஒரு நூல் போய் நாசிலில் உட்கார்ந்தால் முடிந்தது. பேன்ஜோ போல்ட்டுக்கு (நடுவில் துளை வழியாக டீசல் போகிற போல்ட்) செம்பு வாஷர்தான், ஒவ்வொரு தடவையும் புதிது. வழியில் புதிது கிடைக்காவிட்டால் பழைய வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெதுவாகும், துடைத்துவிட்டு மாட்டலாம். அப்புறம், திறந்த பைப்பின் வாயில் பனியன் வேஸ்ட்டைத் திணிக்கும் பழக்கத்தை விடுங்கள், பிளாஸ்டிக் மூடி போடுங்கள்.

பில்டர், தண்ணீர் பிரிப்பான், ஃபீட் பம்ப்

பம்பில் டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளையான பேரலுக்கும் நடுவில் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். மனித முடி எழுபது மைக்ரான் இருக்கும். பாலாற்று மணல் காற்றில் பறக்கிற ஊரில் இருந்துகொண்டு பில்டரில் காசு மிச்சம் பிடிப்பது எப்படிப் பார்த்தாலும் நஷ்டம்.

வரிசை இப்படி: டேங்க், தண்ணீர் பிரிப்பான், ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்து முன்னே தள்ளுவது), பில்டர் இரண்டு, கடைசியாக மெயின் பம்ப். தண்ணீர் பிரிப்பான் ஃபீட் பம்புக்கு முன்னால் இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபீட் பம்ப் அடித்துக் கலக்கிய பிறகு தண்ணீரைப் பிரிப்பது கஷ்டம். அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ளதாக வாங்கினால் பார்த்தவுடன் தெரியும். முதல் பில்டர் பெரிய அழுக்கைப் பிடிக்க, இரண்டாவது காகித பில்டர் பொடியைப் பிடிக்க. பில்டர் மாற்றும்போது உள்ளே ஊற்றும் டீசலும் சுத்தமாக இருக்க வேண்டும். வடிகட்டிய பக்கத்தில் அழுக்கு டீசலை ஊற்றினால் அது நேராகப் பம்புக்குத்தான் போகும்.

ஃபீட் பம்ப் எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பது மெயின் பம்பைப் பொறுத்தது, இங்கே தப்பு செய்யாதீர்கள். நான்கு பிளஞ்சரும் வரிசையாக நிற்கிற இன்லைன் பம்பாக இருந்தால் (கம்பெனி பெயர் 2008-லேயே பாஷ் என்று மாறிவிட்டாலும் எங்கள் பக்கம் இன்னும் மைகோ பம்ப் என்றுதான் சொல்வார்கள்) பில்டர் தாண்டி 1 முதல் 1.5 பார் வரை இருக்கலாம், மிச்சத்தை ஓவர்ஃப்ளோ வால்வு திறந்து விட்டுவிடும். ரோட்டரி பம்புக்கு (உள்ளே சுழன்று எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பிரித்துக் கொடுப்பது) உள்ளேயே சுழலும் தகடுகளால் ஆன ஒரு வேன் பம்ப் இருக்கிறது, டைமிங்கும் (டீசல் பீய்ச்சும் நேரம்) அந்த உள் அழுத்தத்தை நம்பித்தான் ஓடுகிறது. வெளியிலிருந்து ஒரு பலமான எலெக்ட்ரிக் பம்பை வைத்துத் தள்ளினால் டைமிங் மாறும், ஷாஃப்ட் சீல் போகும். அந்தப் பம்பின் அளவுத்தாளைப் பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இன்லைன் பம்பில் பிளஞ்சர்களைத் தள்ளும் கேம் சுழல்கிற பெட்டிக்குத் தனியாக ஆயில் இருக்கும். ரோட்டரிக்கு டீசலேதான் ஆயில். டீசல் வராமல் ரோட்டரியை வெறுமனே சுற்ற விட்டால் உள்ளே உரசிப் போய்விடும். எனவே முதல் ஸ்டார்ட்டுக்கு முன் உள்ளே டீசல் நிரம்பியிருக்க வேண்டும் என்பது ரோட்டரிக்கு இரட்டிப்பு முக்கியம்.

பிரஷர் பைப்பும் உங்கள் கையும்

பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் கனத்த இரும்புப் பைப் நான்கும் ஒரே நீளத்தில் இருக்கும், பக்கத்துச் சிலிண்டருக்குப் போவதைக் கூட வேண்டுமென்றே சுற்றி வளைத்திருப்பார்கள். இடம் பற்றவில்லை என்று ஒன்றை மட்டும் வெட்டிக் குட்டையாக்காதீர்கள். டீசலுக்குள் அழுத்த அலை நொடிக்கு ஏறக்குறைய 1,350 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒரு டிகிரி திரும்ப ஆகிற நேரத்துக்குள் அந்த அலை ஏழரை சென்டிமீட்டர்தான் போகும். ஒரு பைப் 15 சென்டிமீட்டர் குறைந்தால் அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் டைமிங் இரண்டு டிகிரி முந்திவிடும். பிறகு "ஒரு நாசில் மட்டும் தட்டுது" என்று நாசிலை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

நாசில் திறக்கும் அழுத்தம் ஏறக்குறைய 200 பார். பைப்பில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும், நாசிலைக் கழற்றி வைத்து ஸ்டார்ட்டர் அடிக்கும்போது முன்னால் கையை நீட்டுவதும் கூடவே கூடாது. அந்தப் புகை மாதிரி ஸ்பிரே தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு ஊசிக் குத்து மட்டும்தான் தெரியும், வலி கூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். அட்டையைப் பிடித்துப் பாருங்கள், கண்ணாடி போடுங்கள். மீறிப் பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று அந்த வார்த்தையைச் சொல்லுங்கள். நல்ல ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை என்று சொல்ல நம் ஊரில் சாக்கு இல்லை. 1940-களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்திக் காட்டியது இந்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான்.

ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்வது

எல்லாம் மாட்டியாச்சு. பில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு ஹேண்ட் பம்பை அடியுங்கள். முதலில் வெறும் காற்று, பிறகு நுரை, பிறகு நுரையும் டீசலும் விட்டு விட்டு, கடைசியில் குமிழி இல்லாமல் கம்பி மாதிரி டீசல் வரும். வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள், அடித்து முடித்துவிட்டு இறுக்கினால் கொஞ்சம் காற்று உள்ளே திரும்பிவிடும். அடுத்தது பம்பில் இருக்கும் ஏர் ஸ்க்ரூ, அதே மாதிரி. இதற்குள் ஹேண்ட் பம்ப் கையில் கெட்டியாகத் தட்டுப்படும், அந்தக் கெட்டிதான் லைன் நிரம்பியதற்கு அடையாளம்.

பிறகு நாசில் பக்கத்து நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, கை தள்ளி வைத்து, மேலே துணி மூடி, ஸ்டார்ட்டர் அடியுங்கள். ஒரு தடவைக்கு 15 நொடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஸ்டார்ட்டர் ஆற விடுங்கள். நட்டு ஓரத்தில் டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்கிவிட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் நிறுத்துகிற லீவர் (ரோட்டரி என்றால் மின்சாரத்தில் டீசலை அடைக்கும் சொலினாய்டு) சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். நிற்காத டீசல் என்ஜினைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

ஓட விட்டு, பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் தற்காலிகமாக ஒரு கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் குமிழி ஓடிக்கொண்டிருந்தால் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று புகுகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க, சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனை என்ஜினை விட உயரத்தில் வைத்து ஃபீட் பம்புக்கு அதிலிருந்து கொடுங்கள். குமிழி நின்றுவிட்டால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். நிற்கவில்லை என்றால் ஃபீட் பம்பைச் சந்தேகப்படுங்கள். சோதனை முடிந்ததும் அந்த பிளாஸ்டிக் ட்யூப்பைக் கழற்றிவிடுங்கள், அது சூட்டில் விறைத்து வெடிக்கும்.

ஓட்டத்தையும் அளந்துவிடுங்கள். மெயின் பம்புக்கு உயரத்தில் வைத்த கேனிலிருந்து தனியாக டீசல் கொடுத்துவிட்டு, ஃபீட் பம்ப் தள்ளும் டீசலை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். 1,500 சுற்றில் நிமிடத்துக்கு அரை லிட்டராவது (3,000 சுற்றில் மேலே சொன்ன ஒரு லிட்டர்) வரவில்லை என்றால் நான் அந்த வண்டியை மலைக்கு அனுப்ப மாட்டேன்.

பம்பின் ஸ்க்ரூ கடைசியில்

இவ்வளவும் முடிந்து, பழைய அளவிலேயே வண்டி ஒரு வாரம் ஓடி, ஒரு குறையும் இல்லை என்றான பிறகுதான் டீசல் கூட்டுகிற பேச்சு. பம்பை வண்டியில் வைத்துக்கொண்டே டீசல் அளவு ஸ்க்ரூவைத் திருப்பாதீர்கள். பம்பைக் கழற்றி, டீசல் அளவைச் சோதித்துச் சரிசெய்கிற கேலிப்ரேஷன் பெஞ்சுக்குக் கொண்டுபோங்கள். மேலே போட்ட கணக்கையே எடுத்தால், 3,000 சுற்றில் 60 குதிரைத் திறனுக்கு 1,000 ஸ்ட்ரோக்குக்கு (ஒரு சிலிண்டருக்குப் பம்ப் ஒரு தடவை டீசல் தள்ளுவது ஒரு ஸ்ட்ரோக்) 36 சி.சி., 85 குதிரைத் திறனுக்கு 51 சி.சி. அதாவது ஒரு ஸ்ட்ரோக்குக்குப் போவது ஏறக்குறைய ஒரு தண்ணீர்ச் சொட்டு. அந்தச் சொட்டு நான்கு சிலிண்டருக்கும் சமமாகப் போக வேண்டும், இதைக் காதால் கேட்டு யாராலும் சரிசெய்ய முடியாது. பெஞ்சில் ஓட்டி நான்கு குழாயிலும் விழுந்த அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டர்போ அழுத்தம் வந்த பிறகு மட்டும் டீசலைக் கூட்டுகிற பூஸ்ட் டயாஃப்ரம் உள்ள பம்ப் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கீழ் சுற்றில் காற்று பற்றாமல் கரும்புகைதான். சைலன்சர் மேனிஃபோல்டில், டர்போவுக்கு முன்னால், வெப்பமானி ஒன்று வையுங்கள். 700 டிகிரியைத் தொட்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், அலுமினிய பிஸ்டன் அதற்கு மேல் பொறுக்காது. என்ஜின் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் அதிகபட்சச் சுற்று ஸ்க்ரூவின் சீலை மட்டும் யார் சொன்னாலும் உடைக்காதீர்கள்.

ஆர்.சி. விவகாரம் சரியாக இருந்து சாலையில் ஓட்டலாம் என்றால் ஏலகிரிக்குப் போய்ப் பாருங்கள். 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. டேங்க் கால்வாசி மட்டும் இருக்கும்படி வைத்துக்கொண்டு ஏறுங்கள், நிரப்பிக்கொண்டு போனால் எங்கள் ஜீப் மாதிரி குறை மறைந்து நிற்கும். கூட வருகிறவரை வளைவில் என்ஜின் சத்தத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். இடது வளைவில் மட்டும் வெட்டினால் டேங்கில் டீசல் சாய்கிறது, பைப்பின் இடத்தை மாற்ற வேண்டும். நேரான ஏற்றத்தில் நீண்ட நேரம் போனபின் மெல்ல இழுவை குறைந்தால் பில்டரோ பிரீதரோ அடைக்கிறது.

ஊருக்குத் திரும்பியதும் எல்லா கிளிப்பையும் பேன்ஜோ போல்ட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள், புது ரப்பர் சூட்டில் உட்கார்ந்திருக்கும். இன்லைன் பம்ப் என்றால் கேம் பெட்டி ஆயில் மட்டத்தையும் பாருங்கள், மட்டம் ஏறியிருந்தால் டீசல் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். முதல் மாதம் தினமும் காலையில், வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன், தண்ணீர் பிரிப்பானின் அடி ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டு விரல் அளவு பிடியுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே விட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு கோடு போட்ட மாதிரி பிரிந்து நின்றால் அது தண்ணீர், டீசல் போடுகிற பங்க்கை மாற்றுவதா, டீசல் சேமித்து வைக்கும் பேரலைச் சுத்தம் செய்வதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும்.